சுவிட்சே இல்லாத சுகர் சென்சார் எப்படி முழிக்குது, சிலது ஏன் முழிக்காமலே போயிருது

கீழக்கரையில இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. துபாய்ல இருக்குற அவரோட காக்கா, அதாவது அண்ணன், உம்மாவுக்குன்னு கைல ஒட்டுற சுகர் சென்சார் ரெண்டு வாங்கி பார்சல்ல அனுப்பியிருக்காரு. ஒட்டும்போது தோலுக்கு கீழ முடி மாதிரி ஒரு கம்பி போகும், அதை வச்சு சுகரை அளந்து போன்ல காட்டுற சாமான் அது. முதல் சென்சாரை ஒட்டி போனை பக்கத்துல கொண்டுபோனதும் வேலை செஞ்சுருச்சு, 14 நாளும் ஒழுங்கா ஓடுச்சு. ரெண்டாவதை ஒட்டி ரெண்டு நாளாச்சு, போன் அதை கண்டுக்கவே மாட்டேங்குது. "இதுல சுவிட்சும் இல்ல, பட்டனும் இல்ல, பின்ன எப்படித்தான் ஆன் ஆகுது? பெட்டிக்குள்ளயே பேட்டரி தீந்துருச்சா? நம்ம ஊரு வெயில்ல கெட்டுப்போச்சா?" அப்படின்னு கேட்டிருக்காரு.

நான் மண்டபத்துல போட்டுக்காரங்களுக்கு ஜிபிஎஸ், ஆழம் பாக்குற எக்கோ சவுண்டர், வாக்கி டாக்கி ரிப்பேர் பாத்துக்கிட்டு இருக்கேன். அதுக்கு முன்னாடி பெங்களூர்ல எட்டு வருஷம் மருத்துவக் கருவிக்கு போர்டு டிசைன் பண்ற வேலை, அதுல கடைசி மூணு வருஷம் பூராவும் இந்த ஒரே விஷயந்தான், உடம்புல ஒட்டுற கருவி எப்ப முழிக்கணும், எப்ப முழிக்கவே கூடாது. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன் தம்பி, கடைசியில உம்மாவோட சென்சாருக்கு என்ன பண்ணலாம்னும் சொல்லிடறேன்.

முதல்ல ஏன் பட்டன் வைக்கல. பட்டன் வச்சா அதுக்கு ஒரு ஓட்டை வேணும், ஓட்டை இருந்தா தண்ணி போகும். குளிக்கறது, வேர்க்கறது, தொழுகைக்கு கை கால் கழுவி ஒளு எடுக்கறது, கடல்ல எறங்குறதுன்னு எல்லாத்துக்கும் அது கையிலயேதான் இருக்கப்போகுது. பொம்மையில, புது ரிமோட்ல பேட்டரிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் நாக்கு வச்சிருப்பான் பாத்திருப்பீங்க, அதை உருவுனா ஆன் ஆகும், அதைவிட சுலபமான வழி உலகத்துலயே இல்ல, தூங்கும்போது ஒரு துளி கரண்ட் கூட குடிக்காது. ஆனா அந்த நாக்கு வெளிய வர்ற பிளவை உருவுனதுக்கு அப்புறம் யார் அடைக்கிறது? 14 நாள் உப்பு வேர்வையில கெடக்குற பொருளுக்கு அது ஆகாது. அதனால முழுசா மூடி சீல் பண்ண ஒரு டப்பாவை வெளியில இருந்து தொடாமலே எழுப்பணும்.

சரி, அப்ப பேக்டரியிலயே ஆன் பண்ணி அனுப்பிட்டா என்னன்னு தோணும். கணக்கு போட்டு பாருங்க. பேக்டரியில அடைச்ச நாள்ல இருந்து கடைசியா ஒருத்தர் கையில ஒட்டுற நாள் வரைக்கும் 18 மாசம்னு வைங்க, அது 13,140 மணி நேரம். உள்ள இருக்குற பொத்தான் பேட்டரி உதாரணத்துக்கு 40 மில்லி ஆம்பியர் அவர்னு வச்சுக்குவோம், அதாவது 40 மில்லி ஆம்பியர் கரண்டை ஒரு மணி நேரம் தர்ற கொள்ளளவு. தூங்குற நேரத்துல போர்டு வெறும் 1 மைக்ரோ ஆம்பியர் இழுத்தாலே, அதாவது ஒரு ஆம்பியர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு, 18 மாசத்துல 13 மில்லி ஆம்பியர் அவர் போயிருச்சு, மூணுல ஒரு பங்கு காலி, இன்னும் ஒருத்தர் கையில ஒட்டவே இல்ல. அதையே 10 நானோ ஆம்பியருக்கு, அதாவது அந்த 1 மைக்ரோவுல நூத்துல ஒரு பங்குக்கு இறக்குனா 18 மாசத்துக்கும் சேத்து 0.13 தான் போகும், அது பேட்டரி தானா இழக்கறதை விட கம்மி. முழிச்சு புளூடூத்ல "நான் இருக்கேன் நான் இருக்கேன்"னு செகண்டுக்கு ஒரு தடவை கூப்புட ஆரம்பிச்சா கதையே வேற, ஒவ்வொரு தடவையும் சுமார் 5 மில்லி ஆம்பியர் ஒரு 3 மில்லி செகண்டுக்கு, சராசரி 15 மைக்ரோ ஆம்பியர். தப்பா முழிச்ச ஒரு சென்சார் மூடுன பெட்டிக்குள்ள ரெண்டு மாசம் அப்படி கத்திக்கிட்டு கெடந்தா 21 மில்லி ஆம்பியர் அவருக்கு மேல போயிரும், பாதி பேட்டரி. யாருக்கும் கேக்காம கத்திக் கத்தியே செத்துருச்சுன்னு அர்த்தம்.

இங்கதான் உண்மையான சிக்கல். முழிக்கக்கூடாத நேரத்துல முழிச்சா பெட்டியிலயே சாவு, முழிக்க வேண்டிய நேரத்துல முழிக்கலன்னா ஊசி குத்துன வலியும் சென்சார் விலையும் வீண். ஒரு தப்பை குறைக்கப் போனா இன்னொரு தப்பு கூடும், ரொம்ப உஷாரா வச்சா சும்மா சும்மா முழிக்கும், ரொம்ப மந்தமா வச்சா ஒட்டுனப்புறமும் தூங்கும்.

இதைப் புரிஞ்சுக்க நம்ம கரையிலயே ஒரு சாமான் இருக்கு. ராத்திரி வலை விடறவங்க வலையோட மிதவையில கட்டுற மினுக்கு லைட்டுல ஒரு வகை, தண்ணி பட்டா தானா எரியறது, லைஃப் ஜாக்கெட்ல கூட அதே மாதிரி வரும். எங்கிட்ட ரிப்பேருக்கு வந்ததை பிரிச்சுப் பாத்தா அடியில ரெண்டு ஆணி மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், நடுவுல ஒரு விரல் கடை இடைவெளி. காஞ்சிருக்கும்போது ரெண்டு ஆணிக்கும் சம்பந்தமே இல்ல, பேட்டரியில இருந்து ஒண்ணும் போகாது. கடல் தண்ணியில எறக்குனா உப்புத்தண்ணி ரெண்டு ஆணிக்கும் நடுவுல பாலம் போட்டுரும், ஒரு சின்ன டிரான்சிஸ்டர் அதைப் பாத்து லைட்டை போடும். விரல்ல எச்சி தொட்டு ரெண்டு ஆணியையும் சேத்து வச்சாலே மினுங்கும், நான் டெஸ்ட் பண்றதே அப்படித்தான்.

அதே லைட்டு எப்படி கெட்டு வருதுன்னும் பாருங்க. கரைக்கு வந்ததும் அப்படியே ஈரக் கயித்துக் குவியல் மேல போட்டுட்டு போயிருவாங்க, ஆணி நடுவுல உப்பு காஞ்சு வெள்ளையா படலமா ஒட்டியிருக்கும், ராத்திரி ஈரக்காத்து அடிச்சதும் அந்த உப்பு தண்ணியை இழுத்து கசகசன்னு ஆயிரும், லைட்டு போட்டுக்குள்ளயே விடிய விடிய மினுங்கி காலையில செத்துக் கெடக்கும். அனுபவப்பட்ட ஆளுங்க நல்ல தண்ணியில கழுவி, தொடச்சு, ஆணி மேல பாத்த மாதிரி தொங்கவிட்டுருவாங்க.

சுகர் சென்சார்ல நடக்குறதும் கிட்டத்தட்ட இதேதான், அளவு மட்டும் ரொம்ப ரொம்ப சின்னது. தோலுக்கு கீழ போற அந்த முடி மாதிரி கம்பியில குறைஞ்சது ரெண்டு மின்முனை இருக்கும். 1962ல லேலண்ட் கிளார்க்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி போட்டுக் கொடுத்த வழிதான் இன்னைக்கும் அடிப்படை, குளுக்கோஸ் ஆக்சிடேஸ்னு ஒரு நொதி, அது குளுக்கோஸோட சேந்து வினை பண்ணும், அதுல வர்ற எலக்ட்ரானை எண்ணுனா சுகர் எவ்வளவுன்னு தெரியும். வர்ற கரண்ட் நானோ ஆம்பியர் கணக்குல. பெட்டியில காஞ்சு கெடக்கும்போது ரெண்டு முனைக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட எல்லையே இல்லாத அளவுக்கு, தோலுக்கு கீழ திசுநீர்ல நனைஞ்சதும் சட்டுனு எறங்கிரும். அந்த எறக்கத்தையே எழுப்புற மணியா வச்சுக்கலாம். தனி சுவிட்ச் வேணாம், காந்தம் வேணாம், நோயாளி எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம், உடம்புக்குள்ள போனாலே முழிப்பு. என்னைக் கேட்டா இருக்குற வழியிலேயே அழகானது இதுதான்.

ஆனா வலை லைட்டுக்கு வர்ற அதே வியாதி இதுக்கும் வரும். சென்சாரை கிருமி இல்லாம பண்ணணும், அதுக்கு எலக்ட்ரான் கற்றை அடிக்கிறது ஒரு வழி, எத்திலீன் ஆக்சைடு வாயு இன்னொரு வழி. அந்த வாயு வேலை செய்யறதுக்கு உள்ள ஈரமும் சூடும் வேணும், வேணும்னே ஈரப்பதம் ஏத்துவாங்க. அந்த நேரத்துல ஒரு போர்டு சரியா கழுவாம, சால்டர் வைக்கும்போது தடவுற பிளக்ஸ் பசையோட கறை கொஞ்சம் மிச்சம் இருந்தா அதுவே ஈரத்தை இழுத்து மெகா ஓம் கணக்குல ஒரு கள்ளப் பாலம் போட்டுரும், சென்சார் "உடம்புக்குள்ள வந்துட்டோம்"னு நெனச்சு பேக்டரியிலயே முழிச்சுரும். எலக்ட்ரான் கற்றை வழின்னா ஈரத் தொல்லை இல்ல, ஆனா அந்த கற்றை சிப்போட மெமரியில ஒரு பிட்டை மாத்திவிட்டா "நான் தூங்கணும்"னு எழுதி வச்சது அழிஞ்சுபோகலாம், அதனால அந்த ஒரு வார்த்தையை பல இடத்துல எழுதி வச்சு ஒத்துப்பாக்கணும்.

இதுக்காகத்தான் வேற வேற வழி தேடுனாங்க. சென்சார் தனியா, எண்ணை அனுப்புற டிரான்ஸ்மிட்டர் தனியா வர்ற வகையில ரெண்டையும் சொருகுறதே சுவிட்ச், மெட்ரானிக் கார்டியன் 3 மாதிரி, சொருகுனதும் பச்சை லைட் மினுங்கும், கண்ணுக்குத் தெரியற சாட்சி, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். காந்தம் வச்சு எழுப்புறது இன்னொரு வழி. பெட்டியில ஒரு சின்ன காந்தம், கருவிக்குள்ள ரீட் சுவிட்ச், அதாவது கண்ணாடிக் குழாய்க்குள்ள ரெண்டு மெல்லிசு தகடு. இதுக்குன்னு போடற வகையில காந்தம் பக்கத்துல இருக்குற வரைக்கும் அது பிரிஞ்சு நிக்கும், பெட்டியில இருந்து எடுத்ததும் ஒட்டிக்கும். காதுக்கிட்ட வச்சுக் கேட்டா டிக்குனு சின்ன சத்தம் கூட வரும். கரண்ட் சுத்தமா பூஜ்யம். ஆனா கண்ணாடி, கீழ விழுந்தா விரிசல், எடமும் அடைக்கும். அதுக்குப் பதிலா ஹால் சென்சார்னு காந்தத்தை உணர்ற சிப் போடலாம், சின்னது, உடையாது, ஆனா அது அப்பப்ப முழிச்சு காந்தம் இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கணும், சாதாரண சிப்புல சராசரி 1, 2 மைக்ரோ ஆம்பியர் போயிரும், மேல போட்ட கணக்குல அது என்ன ஆகும்னு பாத்தோம்.

இந்த காந்தத்துல நான் பட்ட அடியைச் சொல்லணும். நான் இருந்த எடத்துல நெஞ்சுல ஒட்டுற ஒரு பட்டைக்கு காந்தம் வச்ச பெட்டி டிசைன் பண்ணோம். ஒவ்வொரு பெட்டியா வச்சு எத்தனையோ தடவை டெஸ்ட் பண்ணோம், ஒண்ணு கூட தப்பல. கோடவுன்ல அடுக்கி வச்சு நாலு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தா அட்டைப்பெட்டி ஓரத்துல இருந்ததெல்லாம் உயிரோட இருக்கு, நடுவுல இருந்ததுல பாதி செத்துக் கெடக்கு. எவ்வளவு யோசிச்சும் புரியல. ஒரு ராத்திரி உக்காந்து ஒரு பெட்டி மேல இன்னொரு பெட்டியை தலைகீழா வச்சுப் பாத்தேன், டிக். மேல் பெட்டியோட காந்தம் கீழ்ப் பெட்டி காந்தத்தோட விசையை அடிச்சு சமமாக்கிருச்சு, உள்ள இருந்த ரீட் சுவிட்ச் "காந்தம் போயிருச்சு, பெட்டியைத் தொறந்துட்டாங்க"ன்னு முழிச்சுக்கிச்சு. பேக் பண்றவங்க எடம் மிச்சம் பண்ண ஒண்ணு விட்டு ஒண்ணு திருப்பி அடுக்கியிருந்தாங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, ஒத்தப் பெட்டியை மட்டும் டெஸ்ட் பண்ண நாங்கதான் பாத்திருக்கணும். அந்த டிக் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

வெளிச்சம் பட்டா முழிக்கிற மாதிரி வைக்கலாம், ஆனா இருட்டு ரூம்ல ஒட்டுறவங்க என்ன பண்ணுவாங்க. ஆட்டத்தை உணர்ற சிப் போடலாம், ஏடிஎக்ஸ்எல்362னு ஒரு சிப் வெறும் 270 நானோ ஆம்பியர்ல ஆட்டத்துக்காக காத்துக்கிட்டு இருக்கும், ஆனா பார்சல் வண்டி ஈசிஆர்ல சாயல்குடி தாண்டி வர்றதுக்குள்ள எத்தனை தடவை குலுங்கும், அத்தனை தடவையும் முழிக்கும். உடம்புச் சூட்டை வச்சு எழுப்பலாம்னு ஒரு யோசனை உண்டு, குளிர் நாட்டுல உக்காந்து யோசிச்சா நல்லாத்தான் தெரியும். தோலோட சூடு 32ல இருந்து 34 டிகிரி, மே மாசம் நம்ம ஊர்ல மின்விசிறி ஓடுற ரூமே 35. கருவிக்கு ரூம் எது கை எதுன்னு தெரியாது. நம்ம கரைக்கு இந்த வழி சுத்தமா ஆகாது, அதைச் சொல்ல எனக்கு எந்த லேபும் தேவைப்படல.

இப்ப உங்க உம்மா வச்சிருக்குற மாதிரி, போனை கிட்ட கொண்டுபோனா ஆரம்பிக்கிற வகைக்கு வருவோம். ஃப்ரீஸ்டைல் லிப்ரே இந்த வகைதான். இதுல சென்சாருக்குள்ள ஒரு தாமிரச் சுருள் இருக்கு, கடையில கார்டை தட்டி காசு கட்டுறோமே அதே என்எஃப்சி, 13.56 மெகா ஹெர்ட்ஸ். போனோட முதுகுல இருக்குற சுருள் காந்த அலை விடும், அது சென்சார் சுருள்ல மின்சாரமா மாறும். அந்த மின்சாரத்தை வச்சே எழுப்பலாம், உள்ள இருக்குற பேட்டரி அதுக்காக காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. வெளியில இருந்து ஒருத்தர் கதவைத் தள்ளி விடறாரு, உள்ள தூங்குனவர் எந்திரிச்சு வந்து கதவு திரும்ப சாத்திக்காம கொண்டி போட்டுக்கறாரு, அவ்வளவுதான். போன் கொடுத்த கரண்ட் பேட்டரி வழியில இருக்குற ஒரு டிரான்சிஸ்டரைத் தொறக்கும், பேட்டரி கரண்ட் உள்ள பாஞ்சு சிப் முழிக்கும், சிப் முழிச்சதும் அந்த டிரான்சிஸ்டரை தானே பிடிச்சு வச்சுக்கும். போனை எடுத்துட்டாலும் இனி ஓடும். ரெண்டு மூணு சென்டிமீட்டர் தூரத்துலதான் இது நடக்கும்ங்கறது கொறை மாதிரி தெரியும், ஆனா அதுதான் காவலே, கோடவுன்லயோ லாரியிலயோ யாரும் தெரியாம எழுப்ப முடியாது.

இதுல ஒரே ஒரு பலவீனம், எழுப்புற வேலை மனுஷங்க கைக்கு வந்துருது. வயசானவங்க தனியா இருந்தா, ஒட்டிட்டு போனை தட்ட மறந்தா, போனே பிள்ளை கையில இருந்தா, சென்சார் கையில ஒட்டிக்கிட்டு தூங்கிக்கிட்டே இருக்கும். தானா முழிக்கிற வகையில அந்தத் தொல்லை கெடையாது.

அதனால நல்ல டிசைன்ல ஒரே அறிகுறியை நம்பவே மாட்டாங்க. ராத்திரி வாசல்ல நாய் குலைச்சா உடனே கதவைத் தொறக்க மாட்டோம்ல, யாருன்னு குரல் குடுப்போம், தெரிஞ்ச குரலா இருந்தா தொறப்போம், இல்லன்னா திரும்ப படுத்துருவோம். முதல் அறிகுறி காசில்லாம கெடைக்கணும், காந்தம் விலகுனது, ஈரம் பட்டது, என்எஃப்சி தட்டுனது, எதுவா வேணா இருக்கட்டும். அதுல முழிச்சதும் புளூடூத்தை போட்டுறக்கூடாது, அதுதான் பெரிய செலவு. முதல்ல மின்முனையில கரண்ட் வருதான்னு பாக்கணும், ஒரு தடவை இல்ல, சில செகண்டு விட்டு விட்டு பல தடவை. உண்மையிலேயே தோலுக்குள்ள போன கம்பியில முதல்ல கரண்ட் குபுக்குன்னு ஏறும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி ஒரு நிலைக்கு வரும், நனைஞ்ச புது மின்முனை அப்படித்தான் நடந்துக்கும். ஈரக் கசிவுல வர்ற கரண்டுக்கு அந்த ஏத்த எறக்கம் இருக்காது, மொண்ணையா ஒரே மாதிரி இருக்கும், இல்லன்னா தாறுமாறா ஆடும். அந்த உருவத்தைப் பாத்து ஒத்துப்போனா புளூடூத், இல்லன்னா திரும்ப தூக்கம். இப்படி தப்பா முழிச்சது எத்தனை தடவைன்னும் எண்ணி வச்சுக்கணும், பின்னாடி கெட்டுப்போச்சுன்னு திரும்பி வர்ற சென்சாரைப் பிரிச்சுப் பாக்குறவனுக்கு அந்த ஒரு எண் போதும், பாதி கதை தெரிஞ்சுரும்.

லிப்ரேல ஆரம்பிச்சதும் 60 நிமிஷம், டெக்ஸ்காம் கம்பெனியோட ஜி6ல 2 மணி நேரம், ஜி7ல 30 நிமிஷம் காத்திருக்கச் சொல்றது எதுக்குன்னு இப்ப புரியும், அந்த குபுக்குன்னு வந்த கரண்ட் அடங்கி நிலைக்கு வரணும். அதுக்கு முன்னாடி வர்ற எண்ணை நம்ப முடியாது. சில பேர் இதையே "ஆன் ஆகல"ன்னு நெனச்சு பிச்சு எறிஞ்சுடறாங்க, வயிறு எரியும்.

முழிச்சும் செத்துப்போற கேஸ் ஒண்ணு உண்டு, அதை வெளியில இருந்து பாத்தா "முழிக்கவே இல்ல" மாதிரிதான் இருக்கும். பேட்டரி ரொம்ப நாள் சூட்டுல கெடந்தா அதோட உள் ரெசிஸ்டன்ஸ் ஏறிரும். தூங்கும்போது வோல்டேஜ் வச்சுப் பாத்தா நல்லாத்தான் காட்டும். முழிச்சு முதல் தடவையா புளூடூத் போடும்போது அந்த 5 மில்லி ஆம்பியரை தாங்க முடியாம வோல்டேஜ் படக்குன்னு விழும், சிப் ரீசெட் ஆகும், திரும்ப முதல்ல இருந்து முழிக்கும், திரும்ப விழும். போட்டு இன்ஜின் பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது மட்டும் டொக்குன்னு படுத்துருமே, லைட் மட்டும் நல்லா எரியுமே, அதே வியாதி. பக்கத்துல கொஞ்சம் கரண்டை சேத்து வைக்கிற ஒரு கெப்பாசிட்டர் வச்சு அந்த அடியை அது வாங்கிக்கற மாதிரி பண்றது, முதல் கூப்பாட்டை கம்மி சக்தியில போடறது, ரீசெட் ஆனா கொஞ்சம் நேரம் விட்டு முயற்சி பண்றது, இதெல்லாம் மருந்து.

வெயில் கேள்விக்கு வர்றேன். தூங்கிக்கிட்டு இருக்குற டிரான்சிஸ்டர்ல கசியற கரண்ட், சூடு 10 டிகிரி ஏறுனா தோராயமா ரெண்டு மடங்கு ஆகும். 25 டிகிரியில 10 நானோ ஆம்பியர்னு பேக்டரியில அளந்தது 45 டிகிரியில 40 ஆகும். அது மட்டும்னா பரவாயில்ல, தாங்கும். ஆனா அதே சூட்டுல பேட்டரியும் தானா வேகமா இழக்கும், எல்லாத்துக்கும் மேல நொதி கெடும், நொதி ஒரு புரதம், முட்டை வெள்ளைக்கரு மாதிரி, ஒரு தடவை வீணானா திரும்பி வராது. மூடி நிறுத்துன காருக்குள்ள மத்தியானம் எவ்வளவு சூடு ஏறும்னு உங்களுக்கே தெரியும், ராமநாதபுரத்துல பார்சல் ஆபீஸ்ல வாங்கி கார் முன்னாடி கண்ணாடிக்கு கீழ வச்சுட்டு ஜவுளிக்கடைக்குப் போயிட்டு வந்தா போதும். அந்த மாதிரி சென்சார் முழிக்கவும் செய்யும், எண்ணும் காட்டும், அந்த எண் தப்பா இருக்கும், முழிக்காம இருக்குறதை விட அதுதான் எனக்குப் பயம்.

சூட்டுக்கு பயந்து ஃப்ரிட்ஜ்ல வைக்கறவங்க இருக்காங்க, பெட்டியில போட்டிருக்குற டிகிரி அளவுக்குள்ள இருந்தா வைக்கலாம், ஃப்ரீசர்ல மட்டும் கூடவே கூடாது. ஆனா எடுத்த உடனே கவரைப் பிரிக்காதீங்க. நம்ம கடக்கரைக் காத்துல அவ்வளவு ஈரம், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தண்ணி பாட்டில் ரெண்டு நிமிஷத்துல எப்படி வேர்க்குது, அதே மாதிரி சென்சார் மேலயும் மின்முனை மேலயும் வேர்க்கும். ஈரத்தால முழிக்கிற வகையா இருந்தா அது அங்கனயே முழிச்சுரும். ஒரு அரை மணி, முக்கா மணி நேரம் கவரோடயே வெளிய வச்சு ரூம் சூட்டுக்கு வந்ததும் பிரிங்க.

இப்ப உம்மாவோட சென்சார். போனோட கவரைக் கழட்டுங்க, குறிப்பா பின்னாடி இரும்புத் தகடோ, காந்த ஸ்டாண்டுக்கான வட்டமோ ஒட்டியிருந்தா அது அலையை அடைச்சுரும். செட்டிங்ஸ்ல என்எஃப்சி ஆன்ல இருக்கான்னு பாருங்க. ஆண்ட்ராய்டுன்னா போனோட முதுகு நடுப்பகுதி, ஐபோன்னா மேல் விளிம்பு, அந்த எடத்தை சென்சார் மேல வச்சு மூணு நாலு செகண்டு அசைக்காம பிடிங்க, தேய்க்காதீங்க. போன் அதிர்ந்து ஏதாவது ஒரு எரர் காட்டுனா நல்ல சேதி, சென்சாரோட ரேடியோ உயிரோட இருக்கு, எரர்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ஒரு அசைவும் இல்லன்னா அதே போன்ல வேற என்எஃப்சி கார்டு எதையாவது வச்சுப் பாருங்க, போன்ல கோளாறா சென்சார்ல கோளாறான்னு பிரிஞ்சுரும்.

இன்னொண்ணு, வெளிநாட்டுல வாங்குன சென்சார்ங்கறதால கேக்குறேன், ரெண்டு சென்சாரும் ஒரே போன்ல ஒரே ஆப்லதான் ஆரம்பிச்சீங்களா? நடுவுல போன் மாத்தி இங்க இருக்குற ஆப் ஸ்டோர்ல இருந்து ஆப்பை புதுசா இறக்கியிருந்தா, நாடு வேற வேறன்னு சொல்லி ஏத்துக்காம இருக்கலாம். முதல் சென்சாரை ஆரம்பிச்ச அதே ஆப்ல, அதே கணக்கைப் போட்டுப் பாருங்க. காலாவதி தேதியையும் ஒரு தடவை பாத்துக்கங்க.

இதுக்கும் மசியலன்னா கம்பெனியோட உதவி நம்பருக்கு அடிச்சு சீரியல் நம்பரை சொல்லுங்க, ஆரம்பிக்காத சென்சாருக்கு பெரும்பாலும் மாத்து அனுப்புவாங்க, ஆனா வாங்குன நாட்டுல இருந்துதான் கேக்கச் சொல்வாங்க, அதனால காக்காவே பேசுறது நல்லது. அது வரைக்கும் உம்மாவுக்கு விரல்ல குத்திப் பாக்குற மீட்டர்லயே பாத்துக்கங்க, அவங்க இன்சுலின் போடறவங்களா இருந்தா இதுல ஒரு வேளை கூட விடாதீங்க. சென்சார் ஒழுங்கா ஓடும்போது கூட மயக்கம், நடுக்கம், வேர்வைன்னு சொன்னாங்கன்னா சென்சார் எண் என்ன சொன்னாலும் விரல்ல ஒரு தடவை பாத்துருங்க.

கழட்டுன சென்சாரை குப்பையில போட்டுறாதீங்க, கம்பெனி திருப்பி அனுப்பச் சொல்லிக் கேக்கும், ஒரு சின்ன டப்பாவுல போட்டு மேல தேதி எழுதி வைங்க. ஒட்டும்போது பயன்படுத்துன அந்த ஊசி வச்ச குப்பியையும் மூடியோட தனியா வைங்க, குப்பை அள்ளுறவங்க கையில குத்திரும்.